கார் விற்பனைக்கு இல்லை, தாரணி

அம்மிணி,

புனேயிலிருந்து நீ அனுப்பிய ஒரு வரியை நேற்றுக் காலையில் படித்தேன். "சித்தப்பா சொல்றதுதான் சரின்னு படுதும்மா, காரை வித்துரலாம்." புது ஊர், புது வேலை, பழகாத சாப்பாடு, இத்தனைக்கும் நடுவில் எங்கோ பேருந்துக்கு நின்றுகொண்டு இதைத் தட்டியிருப்பாய். என் பதிலும் ஒரே வரிதான். கார் விற்பனைக்கு இல்லை. ஆனால் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் காலமெல்லாம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவளுக்கு விடையை மட்டும் எழுதிவிட்டு எழுந்துபோக வராது. வழிமுறையைக் காட்டாத விடைக்குப் பாதி மதிப்பெண்தான் என்று எத்தனை பிள்ளைகளை மறுபடி உட்காரவைத்திருக்கிறேன். அதனால் நானும் வழிமுறையோடு எழுதுகிறேன். இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் நம் வாசகசாலை மலருக்கும் கொடுக்கப்போகிறேன். உன்னைப் பற்றிப் பேசியவர்கள் யாரும் உன் காதில் மட்டும் பேசவில்லை. நாலு பேர் நடுவில் நின்று பேசினார்கள். பதிலும் நாலு பேர் படிக்கிற இடத்தில் இருக்கட்டும்.

படிக்கிறவர்களுக்காகக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். அது ஒரு பழைய சின்னக் கார். பின் இருக்கை, கம்பளம், கதவின் உள்பக்கத் தகடு என்று எடையாக இருந்ததையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே இரும்புக் குழாய்களால் ஒரு கூண்டு கட்டி, ஓட்டுபவருக்கு மட்டும் ஓர் இருக்கை வைத்தாய். சாலையில் ஓடாது. கோயமுத்தூருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பந்தயத் தளத்தில் மட்டும் ஓடும். எண் தகடு இல்லாத அந்தக் காரைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போகும்போது வாளையார் சோதனைச் சாவடியில் நம்மை நிறுத்தி விசாரிக்காத காவலர் கிடையாது. திருட்டு வண்டியா என்று ஒருவர் கேட்டதற்கு, திருடுகிறவள் இன்னும் கொஞ்சம் நல்ல வண்டியாகத் திருடியிருக்க மாட்டேனா சார் என்று நீ கேட்டாய். அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். கார் நின்றது முதலமடையில், உன் சித்தப்பாவின் மாங்காய்க் கொட்டகையில். உன் அப்பா போன பிறகு நமக்கு எல்லாமாக நின்றவர் அவர். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கீழே நான் எழுதப்போவது எதுவும் அவருடைய அன்பைப் பற்றிய சந்தேகம் அல்ல.

போன மழைக்காலம் வரை கார் நன்றாகத்தான் ஓடியது. அதற்குப் பிறகு நடந்த பந்தயத்தில்தான் அந்த நீண்ட வலது வளைவு உனக்கு எதிரியானது. வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு, அந்த வளைவில் முழு வேகத்தில் திரும்பும்போது ஒரு கணம் எல்லாமே செத்துப்போகும். இன்ஜின், எரிபொருள் பம்பு, முன்னால் இருக்கிற சின்ன விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணையும். கண் இமைத்துத் திறப்பதற்குள் திரும்பி வந்துவிடும். அதற்குள் பின்னால் வந்தவர் முன்னால் போயிருப்பார். நீ பந்தயத் தளத்தில் உன் குழுவின் கொட்டகைக்கு வந்து சொல்லும்போது கார் ஒரு பாவமும் அறியாததுபோல நிற்கும். சாவியைத் திருப்பினால் முதல் திருப்பிலேயே கிளம்பும். மீட்டரை வைத்தால் பாட்டரி சரியான அளவைக் காட்டும். பாட்டரியை மாற்றினார்கள். ஆல்டர்னேட்டரை மாற்றினார்கள். பம்பின் ரிலேயை மாற்றினார்கள். அடுத்த பந்தயத்திலும் அதே வளைவில் அதே மாதிரி அணைந்தது. பிறகு குழுவின் மேலாளர் வேறொரு பையனை உட்காரவைத்து நாலைந்து சுற்று ஓட்டச் சொன்னார். ஒரு தடவைகூட அணையவில்லை. அவர் தலைக்கவசத்தை உன்னிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "காருல ஒண்ணுமில்லீங்க டீச்சர். புள்ள வளைவுல பயந்துட்டுக் கால எடுத்துக்குது. பழிய காரு மேல போடுது." உன்னிடம் சொல்லவில்லை பார், என்னிடம் சொன்னார். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலைக் காட்டுவதுபோல.

ஊருக்கு வந்ததும் சித்தப்பா அதற்கு மேல் ஒன்று சேர்த்தார். "பூஜை போட்ட வண்டி எதுக்குங்க அண்ணி நிக்கோணும்? டிராக்டருக்குப் போட்ட அதே பூஜைதானே. டிராக்டரு நிக்குதா?" என்றார். டிராக்டர் நிற்கவில்லைதான். அதை மறுக்க நம்மிடம் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் உனக்கு மல்லிகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ பிறப்பதற்கு முன்னால் என் வகுப்பில் இருந்தவள். உரக்க வாசிக்கச் சொன்னால் நன்றாக வாசிப்பாள். திடீரென்று நடுவில் நின்றுவிடுவாள். கண் திறந்துதான் இருக்கும், ஆனால் அவள் அங்கே இருக்க மாட்டாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, எந்த வரி என்று தெரியாமல் விழிப்பாள். கவனம் இல்லை என்று ஒருவர் சொன்னார். திமிர் என்று இன்னொருவர் சொன்னார். தலைமையாசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார். கணீரென்று வாசித்துவிட்டாள். அதோடு நடிப்பு என்று முடிவாகிவிட்டது. அவளுடைய அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கூலி வேலையை விட்டுவிட்டுத் திருச்சூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அது ஒரு வகை வலிப்பு, மருந்தில் கட்டுப்படும் என்று மருத்துவர் சொன்னார். தலைமையாசிரியர் கெட்டவர் அல்லர். தன் கண் முன்னால் நடக்காததை நடக்கவில்லை என்று எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். எப்போதும் இருக்கிற கோளாறைக் கண்டுபிடிக்கக் கருவி போதும். விட்டு விட்டு வருகிற கோளாறுக்கு, அதைப் பார்த்தவரை முதலில் நம்ப வேண்டும். நம்பாதவர்கள் பாட்டரியை மாற்றுவார்கள், பிறகு ஆளை மாற்றுவார்கள்.

எனக்கு வருத்தம் அந்த மேலாளர் சொன்னதில் இல்லை, அம்மிணி. அடுத்த வாரம் நீயே என்னிடம் வந்து, "நெசமாவே நாந்தான் கால எடுக்கறனோ என்னமோம்மா" என்று கேட்டாயே, அதில்தான். உன் கால் எங்கே இருந்தது என்பது உனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? நாலு பேர் சேர்ந்து திருப்பித் திருப்பிச் சொன்னால் நம் கால்கூட நம் சொல் கேட்காததுபோலத் தோன்றிவிடுகிறது. அன்றைக்கு நான் உனக்கு ஆறுதல் சொல்லவில்லை. கால் எடுத்தால் முன்னால் இருக்கிற விளக்கு அணையுமா என்று மட்டும் கேட்டேன். நீ செருப்பைப் போட்டுக்கொண்டு மாங்காய்க் கொட்டகைக்குக் கிளம்பிவிட்டாய். நான் பின்னால் ஓடிவந்தேன்.

அதற்கு மேல் எல்லாம் நீ செய்தது. எனக்கு மறந்துவிடும் முன்னால் எழுதிவைக்கிறேன், உனக்கும் மறந்துவிடக் கூடாது. விளக்கும் பம்பும் இன்ஜினும் தனித்தனிக் கம்பியில் இருக்கின்றன, மூன்றும் ஒரே கணத்தில் சாகின்றன என்றால் கோளாறு கிளையில் இல்லை, மூன்றும் சேர்கிற இடத்தில்தான் இருக்கிறது என்றாய். மின்சாரம் வருகிற பக்கத்தைத்தான் எல்லோரும் பார்த்தார்கள், திரும்பிப் போகிற பக்கத்தை யாரும் பார்க்கவில்லை என்றாய். ஒவ்வொரு வருடமும் மின்சுற்று வரையச் சொன்னால் பிள்ளைகள் பாட்டரியிலிருந்து பல்புக்குப் போகிற கோட்டை அழகாக வரைவார்கள். திரும்பி வருகிற கோட்டை அவசரமாக இழுத்துவிட்டுப் பேனாவை மூடுவார்கள். போன அளவு திரும்பாவிட்டால் பல்பு எரியாது என்று கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம்.

பிறகு நீ கேட்ட கேள்வி ஒன்றுதான் எல்லாவற்றையும் திறந்தது. எந்த உதிரிபாகத்தையும் தொடாமல் ஒரு மாங்காய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, "இது எப்ப இருந்தும்மா ஆரம்பிச்சுது?" என்று கேட்டாய். எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள். எப்போதிலிருந்து என்று யாரும் கேட்கவில்லை. மழைக்காலப் பந்தயத்தில் இல்லை. அதற்கு அடுத்ததில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் காரை யார் தொட்டார்கள்? யாரும் தொடவில்லை என்றேன். நீ கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாய். டிராக்டரைப் பார்த்தாய், தோட்டத்து மோட்டாரைப் பார்த்தாய், மருந்தடிக்கிற இயந்திரத்தைப் பார்த்தாய். எல்லாவற்றின் நட்டும் போல்ட்டும் வெள்ளிபோல மின்னிக்கொண்டிருந்தன. "ஆயுத பூஜை" என்றாய்.

நம் பக்கத்தில் இரும்பைக் கும்பிடுகிற முறை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. சந்தனமும் குங்குமமும் வைப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் கழுவி, துருவைச் சுரண்டி, நட்டைக் கழற்றித் துடைத்து, அலுமினியப் பெயிண்ட் ஒரு கை அடித்துவிட்டால்தான் இயந்திரத்துக்கு மரியாதை செய்ததாக ஆகும். உன் சித்தப்பா அதில் ஒரு குறையும் வைக்க மாட்டார். நீ அந்த வாரம் உன் பழைய வேலை விஷயமாக ஊரில் இல்லை. புள்ளையோட வண்டியை மட்டும் விட்டுவிடுவதா என்று உன் காரையும் சேர்த்துக்கொண்டார்.

ஓட்டுபவர் இருக்கைக்குப் பக்கத்தில், காலியாக இருக்கிற இடத்தில், இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கிற தகட்டில் ஒரு போல்ட் இருக்கிறது. காரின் மெல்லிய கறுப்புக் கம்பிகள் எல்லாம் அங்கே வந்துதான் உடம்போடு சேர்கின்றன. எர்த் போல்ட், மின்சாரம் திரும்பிப் போகிற வாசல். நீ அதற்கு முன்பும் அதைப் பார்த்திருக்கிறாய், குழுவில் இருந்தவர்களும் பார்த்திருக்கிறார்கள். இறுக்கமாக இருந்தது, துருவே இல்லை, சுற்றிலும் தகடு பளபளவென்று இருந்தது. சுத்தமான இரும்பு என்று நினைத்து எல்லோரும் கடந்துபோனார்கள். அது இரும்பின் பளபளப்பு இல்லை, பெயிண்டின் பளபளப்பு என்று யாருக்கு எப்படித் தோன்றும்?

ஆனாலும் நீ உடனே சுரண்டவில்லை. அங்கேதான் எனக்கு உன்மேல் பெருமை வந்தது. முதலில் நிரூபிக்க வேண்டும் என்றாய், இல்லாவிட்டால் இதையும் சமாதானம் என்று சொல்வார்கள் என்றாய். என் பழைய முள் மீட்டரைக் கேட்டு வாங்கினாய். இலக்கம் காட்டுகிற மீட்டர் இந்தத் துடிப்பைப் பிடிக்காது, முள் பிடிக்கும் என்றாய். ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்மின் முனையில் வைத்தாய். மறுமுனையை அந்தக் கறுப்புக் கம்பிகளின் தலையில் வைத்து என் கையில் கொடுத்தாய். விளக்கு, பம்பு, விசிறி எல்லாவற்றையும் போட்டாய். முள் அசையவில்லை. சித்தப்பா வாசலில் நின்று, "ஒண்ணுமில்ல பாரு" என்றார். நீ இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தாய். கொட்டகை முழுக்கப் புகையும் சூடும். நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தகடு தொட முடியாத அளவு சுட்ட பிறகு, ஒரு மரக்குச்சியை எடுத்து அந்தக் கம்பிக் கற்றையை இடதுபக்கமாக மெதுவாகத் தள்ளினாய். வலது வளைவில் திரும்பும்போது அது சாய்கிற பக்கம். முள் துள்ளியது. விளக்குகள் அணைந்தன. இன்ஜின் ஒரு இருமல் இருமி நின்றது. குச்சியை எடுத்ததும் விளக்கு வந்தது. மறுபடி தள்ளினாய், போனது. அந்தப் பையன் ஓட்டிய நாலைந்து சுற்றில் தகடு இந்த அளவு சுட்டிருக்காது.

உன் கால் அப்போது காருக்குள்ளேயே இல்லை, தாரணி. அதை நான் சாட்சியாக எழுதுகிறேன்.

நட்டைக் கழற்றி, கம்பித் தலைகளுக்கு அடியில் கத்தியால் சுரண்டியபோது பெயிண்ட் ஒரு சின்னத் தோலாக உரிந்து வந்தது. பார்க்க உலோகம், ஆனால் காய்ந்த பிறகு மின்சாரத்தை விடாது. சித்தப்பா குனிந்து அதை விரலில் எடுத்துப் பார்த்தார். "ஏ அம்மிணி, இது நான் அடிச்சதாக்கும்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. நீ சுரண்டுவதை நிறுத்தாமலே, "நல்லாத்தான் அடிச்சிருக்கீங்க சித்தப்பா, ஒரு எடம் விடல" என்றாய். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதம் எழுத வேண்டியிருக்காது. நீ மேலாளரிடம் போய்ச் சொன்னாய். "ஓ, எர்த்தா" என்றார். திரும்பி வேறு வேலையைப் பார்க்கப் போனார். அடுத்த பந்தயத்தில் கார் ஒரு தடவைகூட அணையவில்லை. நீ ஏழாவதாக வந்தாய். அவ்வளவுதான், பேச்சு மறுபடி ஆரம்பித்துவிட்டது. காரு சரியாயிருச்சு, அப்பவும் ஏழாவதுதானா என்று சித்தப்பா கேட்டார். இப்பச் சொல்லு, யாரு மேல குத்தம் என்று மேலாளர் கேட்டார். நீ புனேக்குப் போய்விட்டாய். இப்போது விற்றுவிடலாம் என்கிறாய்.

அந்தக் கேள்விகளுக்கு என் பதில் இதுதான். ஆமாம், ஏழாவதுதான். அந்த ஏழு முழுக்க முழுக்க உன்னுடையது. பூஜைக்குப் பிறகு அதுவரை வந்த இடங்கள் எதுவும் முழுக்க உன்னுடையது இல்லை, பாதி பெயிண்டுடையது. கோளாறு உள்ள மின்சுற்றில் என்ன அளந்தாலும் அது பொய் அளவு என்று சோதனைக்கூடத்தில் சொல்வேன். பூஜைக்குப் பிறகு இப்போதுதான் முதல்முறையாக மெய்யான ஓர் அளவு கையில் கிடைத்திருக்கிறது. அந்த வளைவில் நீ எங்கே மெதுவாகப் போகிறாய் என்று இனித்தான் பார்க்க முடியும். அதைப் பார்க்க வேண்டிய நேரத்தில் காரை விற்பாயா? உன்னை நம்பாதவர்கள் மன்னிப்புக் கேட்பார்கள் என்று காத்திருக்காதே. கேட்க மாட்டார்கள். ஒரு காரணம் பொய்யானால் அடுத்த காரணத்தை எடுத்துக்கொள்வார்கள். நாளைக்கு நீ மூன்றாவதாக வந்தால் ஏன் முதலாவது இல்லை என்பார்கள். முதலாவதாக வந்தால் அன்றைக்கு யார் யார் வரவில்லை என்று எண்ணுவார்கள். அவர்கள் வாயை அடைப்பதற்காக நீ ஓட்ட வேண்டாம். பிடித்திருந்தால் ஓட்டு. பிடிக்காமல் போனால் நீயே வந்து விற்றுவிட்டுப் போ, நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஆனால் அடுத்தவர் சொல்லி விற்காதே. உன் அலுவலகத்திலும் இது வரும். நீ பார்த்த ஒன்றை, தாங்கள் பார்க்கவில்லை என்பதற்காக இல்லை என்பார்கள். கத்தாதே, அழாதே, ஒத்துக்கொள்ளவும் செய்யாதே. சூடேறும்வரை காத்திருந்து, அவர்கள் கண் முன்னால் குச்சியால் தள்ளிக் காட்டு.

போன ஞாயிற்றுக்கிழமையே சித்தப்பா கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கார் வாங்க வந்தவர். நானும் கொட்டகைக்குப் போனேன். ஸ்டார்ட் ஆகுமா என்று அந்த ஆள் கேட்டார். சேலையைச் செருகிக்கொண்டு அந்தக் கூண்டுக்குள் நுழைந்து உட்காருவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. நீ சொல்லிக்கொடுத்த வரிசையில் எல்லாவற்றையும் போட்டுப் பொத்தானை அழுத்தினேன். அந்தச் சத்தம் இருக்கிறதே, மாந்தோப்பு முழுக்கக் கிளிகள் கிளம்பிவிட்டன. அந்த ஆள் காதைப் பொத்திக்கொண்டு, ஜோராத்தான் இருக்குது, என்ன வெலைக்குத் தருவீங்க என்று கத்தினார். அணைத்துவிட்டு, இது விற்பதற்கு இல்லை, என் மகள் ஓட்டுகிற கார் என்றேன். அவர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா என்னைப் பார்த்தார்.

"அப்பறம் எதுக்குங்க அண்ணி இப்ப ஸ்டார்ட் பண்ணுனீங்க?"

"அது நிக்காம ஓடறது உங்களுக்குக் கேக்கோணும்னுதான், தம்பி."

மாங்காய் வருவதற்குள் கொட்டகை காலியாக வேண்டுமே என்று மட்டும் சித்தப்பா சொன்னார். அது நியாயம்தான். அதனால் நம் வீட்டு முன்னால் தகரக் கூரை போட ஆள் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் கார் அங்கே வந்துவிடும். தை மாதப் பந்தயத்துக்கு உன் பெயரைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை மட்டும் நீ சொல். வேண்டாம் என்றால் அதை நீயாகச் சொல்.

அம்மா